பெயரன்: பழுவூர் முதல் மாண்ட்ரியல் வரை

பெரம்பலூர் வட்டாரத்துக் கிராமமொன்றில் பிறந்து, இப்போது கனடாவின் மாண்ட்ரியல் நகரில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் நமக்கு நீண்ட மடல் ஒன்றை எழுதியிருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுக் கனடியர். பணி ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்கு, தம் குடும்பத்தின் வேர்களைத் தேடுவது. ஒரு மாலையில் அவர் மேசை நிறைய ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டியிருக்கிறார். பிரான்சின் ஏதோ ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவன் தொடங்கி, பதினொரு தலைமுறை. ஒவ்வொரு கட்டத்திலும் கணவன் பெயர், மனைவி பெயர், மணம் முடித்த தேவாலயம், நாள். காட்டி முடித்தவர், "உங்களுடையது?" என்று கேட்டாராம். நண்பருக்குத் தந்தை பெயர் தெரியும். பாட்டனார் பெயர் தெரியும், அது தந்தையின் தலைப்பெழுத்தில் இருந்ததால். அதற்கு மேலே சூனியம். "நம்மிடம் கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது, ஈராயிரம் ஆண்டு இலக்கியம் இருக்கிறது, என் பூட்டன் பெயர் இல்லையே!" என்பது மடலின் கடைசி வரி.

இந்தக் கேள்வி சில மாதங்களாக நம்மைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் பக்கத்து வீட்டுக்காரரின் பெருமையைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். பதினொரு தலைமுறையும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கி நேர்கோட்டில் இறங்கி வந்தன என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. பிரெஞ்சுக் கனடாவில் பெயர் என்பது வழுக்கும் பொருளாகவே இருந்திருக்கிறது. அங்கே ஊதோன் 'தி' போலியு, ரிவார் 'தி' லாவீஞ், மிவில் 'தி' தெஷேன் என்று இரட்டைப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இடையில் வரும் 'தி' என்ற சிறு சொல்லுக்குப் பொருள், 'என்று சொல்லப்படும்', அதாவது 'என்கிற'. 1665இல் கரிஞான் சலியேர் என்ற படைப்பிரிவு, சுமார் 1,200 வீரர்களுடன், பிரான்சிலிருந்து அங்கே போய் இறங்கியது. படையில் சேர்ந்தவனுக்குப் பட்டாளப் பெயர் ஒன்று ஒட்டிக்கொள்ளும்: பூ, கவலையற்றவன், இனிய நெஞ்சன் என்பன போல. பின்னர் சுமார் 400 பேர் அங்கேயே குடியமர்ந்தார்கள். பட்டாளப் பெயரும் கூடவே குடியமர்ந்தது. நிலத்தின் பெயரால் வந்தவை வேறு, ஊரின் பெயரால் வந்தவை வேறு. இரண்டு மூன்று தலைமுறை கழிந்ததும் அண்ணன் பிள்ளைகள் முதற்பெயரையும் தம்பி பிள்ளைகள் 'தி'க்குப் பின்னாலுள்ள பெயரையும் வைத்துக்கொண்டு, ஒரே வயிற்று வழியினர் இரு வேறு குடும்பங்களாகிப் போனதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நெசவாலைகளுக்குப் பிழைக்கப் போனவர்களோ பெயரை மொழிபெயர்த்தே விட்டார்கள். 'பச்சைக்காடு' என்று பொருள்படும் புவாவேர், கிரீன்வுட் ஆனார். லெப்லான், ஒயிட் ஆனார்.

ஆக, அவர்களைக் காப்பாற்றியது குடும்பப் பெயர் அன்று. பங்குத் தேவாலயத்தின் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்றையும் பங்குக் குரு எழுதி வைத்தார். 1679 முதல் இரண்டு படிகள், ஒன்று கோயிலுக்கு, ஒன்று அரசுக்கு. திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய் தந்தையர் பெயரும் இருக்கும். தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். கியூபெக்கில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயரான த்ரம்பிளேயைத் தாங்கும் அத்தனை பேருக்கும் மூதாதையர், 1657இல் மணந்துகொண்ட ஒரு தம்பதி. கணவன் பியேர் த்ரம்பிளே. மனைவி ஓசான் ஆஷோன். முந்நூற்று அறுபது ஆண்டுக்கு மேலாகியும் மனைவியின் பெயர் கணவன் பெயருக்குள் கரைந்து போகவில்லை. இப்பதிவேடுகளிலிருந்துதான் தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளில் குடும்ப வழி அகராதியை வெளியிட்டார். 1966 முதல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரரின் வரைபடம் அந்த உழைப்பின் மீது நிற்பது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

'தி' என்ற சொல்லைப் படித்ததும் நமக்கு நினைவு வந்தவை பத்திரங்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும், 'இன்ன ஊரிலிருக்கும் இன்னார் மகன் கந்தசாமி என்கிற ராசு' என்று ஒரு வரி இருக்கும். எழுத்தர்கள் பொழுதுபோகாமல் எழுதியதன்று அந்த 'என்கிற'. அதற்குப் பின்னால் வீட்டுக்குள் நடந்த ஒரு சிக்கல் இருக்கிறது.

பேரன் என்ற சொல்லை நாம் தினமும் உச்சரிக்கிறோம். அது பெயரன் என்பதன் மரூஉ. பெயரைத் தாங்குபவன் பெயரன். தாங்குபவள் பெயர்த்தி, பேச்சில் பேத்தி. மகனுக்குப் பிள்ளை பிறந்தால் தன் தந்தை பெயரை வைப்பான். ஆகவே பாட்டன் பெயர் ஒரு தலைமுறை தாண்டிப் பிள்ளையிடம் வந்து சேரும். உறவுமுறைச் சொல்லே பெயர் வைக்கும் விதியைச் சொல்லிவிடுகிறது. மேலை நாட்டில் குடும்பப் பெயர் செய்யும் வேலையை நம்மிடம் இந்தச் சுழற்சி செய்தது. ஒரு வகையில் இது கூடுதலாகவும் செய்தது. குடும்பப் பெயர் ஆண் வழியை மட்டுமே சுமக்கும். இங்கே பாட்டி பெயர் பேத்திக்கு, தாய்வழிப் பாட்டன் பெயர் இரண்டாம் பிள்ளைக்கு என்று இரு பக்கமும் பெயர்கள் பகிரப்பட்டன.

சிக்கல் எங்கே வந்ததென்றால், மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. தான் பெற்ற பிள்ளைக்கு மாமனார் பெயரை வைத்தாகிவிட்டது. தொட்டிலில் கிடப்பவனை எப்படிக் கூப்பிடுவாள்? எப்படித் திட்டுவாள்? எனவே அவனுக்கு வீட்டுப் பெயர் ஒன்று வேண்டியதாயிற்று: ராசு, சின்னய்யா, துரை, தம்பித்துரை. பிள்ளை வளர்ந்து கிரயம் எழுதப் போகும்போது இரண்டு பெயரும் பதிவு அலுவலகத்துக்கு வந்து நிற்கும். கனடாவின் 'தி' பாசறையில் பிறந்தது. நம் 'என்கிற' பெரும்பாலும் அடுக்களையில் பிறந்தது.

ஆனால் சொல்லின் அமைப்பு நமக்கு மிகப் பழையது. சோழர் கல்வெட்டுகளில் இதே இடத்தில் 'ஆன' நிற்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி, கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழ பிரமராயன். முதலில் தந்தை பெயர், பிறகு தன் பெயர், பிறகு 'ஆன', பிறகு அரசன் தந்த பட்டம். நாலு சொல்லில் ஒருவனின் பிறப்பும் பதவியும் அடங்கிவிடுகின்றன.

அரியலூருக்குத் தெற்கே மேலப்பழுவூரும் கீழப்பழுவூரும் கீழையூரும் அடுத்தடுத்து இருக்கின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர்கள் தெரியும்: பெரியவர், சின்னவர். கதையில் அவர்கள் பட்டப் பெயராலேயே உலவுகிறார்கள். கீழையூர் இரட்டைக் கோயில்களின் சுவர்களிலும், கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் சுவர்களிலும் அவர்கள் வேறுவிதமாக இருக்கிறார்கள். குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன். பழுவேட்டரையர் என்பது எல்லோருக்கும் பொதுவான குடிப்பெயர். அதை வைத்து யார் யாருக்கு மகன் என்று சொல்ல முடியாது. முன்னால் நிற்கும் தந்தை பெயரை வைத்துத்தான் ஆய்வாளர்கள் இவர்களின் உறவை வரிசைப்படுத்துகிறார்கள். குமரன் மக்கள் கண்டனும் மறவனும்; கண்டன் மகன் அமுதன்; மறவன் மகன் கண்டன்; அந்தக் கண்டனின் மகன் மறுபடி மறவன். பாட்டன் பெயர் பேரனிடம் திரும்பி வந்துவிட்டது! பெயரன் என்ற சொல்லுக்குக் கல்லிலேயே ஒரு விளக்கம். முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் வெள்ளூர்ப் போரைச் சொல்லும் கல்வெட்டில் நிற்பவர் கண்டன் அமுதன். உத்தம சோழன் காலத்திலும் முதலாம் இராசராசன் காலத்திலும் நிற்பவர் கண்டன் மறவன். டாக்டர் இரா. கலைக்கோவன் பழுவூர்க் கோயில்களையும் அரசர்களையும் பற்றி எழுதிய நூலைப் படிக்காமல் நாம் இந்தச் சுவர்களைப் பார்த்திருந்தால், எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

இந்தக் குடியின் பெண்கள்? அன்பில் செப்பேடு, பராந்தகன் மணந்தவளைப் பழுவேட்டரையர் என்ற கேரள அரசரின் மகள் என்று சொல்லுகிறது. அரிஞ்சயனைப் பெற்றவள் அவள். சோழ வம்சம் தொடர்ந்தது அவள் வயிற்றில். ஆனாலும் தந்தையைச் சொல்லித்தான் அவளுக்கு அறிமுகம். இராசராசனின் தேவியருள் ஒருத்தியின் நிலை சற்றே மேல். கல்வெட்டு அவளை, அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனார் மகளார் நக்கன் தில்லை அழகியாரான பஞ்சவன் மாதேவியார் என்கிறது. அவனிகந்தர்ப்பபுரம் பழுவூரைச் சேர்ந்த பகுதி. ஊர், தந்தை, சொந்தப் பெயர், 'ஆன', அரண்மனைப் பெயர் எல்லாம் இருக்கின்றன. அவள் மீது எடுத்த பள்ளிப்படைக் கோயில் பழையாறைக்கு அருகே இன்றும் நிற்கிறது. எடுத்தவன், அவள் வயிற்றில் பிறவாத இராசேந்திரன். நக்கன் என்ற முன்னொட்டு சிவனைக் குறிப்பது. தஞ்சைத் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களுக்கு முன்னாலும் இதைத்தான் காண்கிறோம். தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இறைவன் பெயர் நிற்கிறது.

பழுவூரிலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கமாக இறங்கினால் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிப் பாடிய ஊர். அவருக்கே எத்தனை பெயர்! இத்தாலியில் பிறந்தபோது கொன்ஸ்தாந்தீனோ ஜுசெப்பே பெஸ்கி. அப்பெயரின் உட்பொருளான உறுதியைத் தமிழாக்கித் தைரியநாதர். பிறகு அதுவும் தமிழுக்குப் போதாதென்று வீரமாமுனிவர். பொருளை மொழிபெயர்க்கும் இந்த வழக்கம் அவரோடு தொடங்கியதுமன்று, முடிந்ததுமன்று. பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, ஆகவே முடியப்பர். யோவான் என்ற பெயரில் இறைவனின் அருள் இருக்கிறது; ஆகவே அருளப்பர். பேதுரு இராயப்பர் ஆனார். பெனடிக்ட் ஆசீர்வாதம் ஆனார்.

வரதராசன்பேட்டை, தென்னூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில் வேர் தேடுகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். பிரெஞ்சுக் கனடாவில் பதிவேட்டை எழுதிய அதே திருச்சபை இங்கும் எழுதியது. கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல் புதுவையிலிருந்து பிரிந்தபோது அதன் முதல் ஆயர் பொத்தேரோ, பாரிஸ் அந்நிய வேத போதக சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவை இலத்தீனில் எழுதுவது வழக்கம். ஏட்டில் பௌலுஸ், ஊரில் சின்னப்பன், பள்ளிச் சான்றிதழில் ஆங்கில எழுத்தில் அதே சின்னப்பன், பட்டணத்துக்குப் போன பேரன் பால். நாலும் ஒரே பெயர். பாட்டன் பெயர்தான் பேரனுக்கு வந்திருக்கிறது. பேரனுக்கே அது தெரியாமல் இருக்கலாம். புவாவேர் கிரீன்வுட் ஆன கதைதான்.

இந்தப் பதிவேடுகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய காலத்து எழுத்தாவணங்கள் நம்மிடம் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியவை. நிலம் இருந்தவனுக்குப் பத்திரத்தில் தந்தை பெயர் உண்டு, மரியாதைக்கு ஒரு பட்டமும் உண்டு. அரியலூர் சமீனுக்கு மழவராயர். உடையார்பாளையத்துக்குக் காலாட்கள் தோழ உடையார். அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வால். நிலம் இல்லாதவனுக்கு, அதிலும் சேரியில் இருத்தப்பட்டவனுக்கு, பத்திரமும் இல்லை, பட்டமும் இல்லை. அவன் பெயரை அன் விகுதியோடு ஊரார் கூப்பிட்ட ஓசை மட்டுமே உண்டு. அவனுடைய மூதாதையர் பெயர் முதன்முதலில் காகிதம் ஏறியது, பல ஊர்களில், பாதிரியாரின் ஏட்டில்தான். நம் குடும்ப வரலாற்றுப் பெருமைகளைப் பேசும்போது இது நமக்கு உறுத்த வேண்டும்.

பெயரின் வாலை அறுப்பதும் ஒட்டிக்கொள்வதும் ஒரே நோக்கத்துக்காக இரு இடங்களில் நடந்தது வியப்பானது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பவர், குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இந்த இயக்கத்தின் முன்னோடி பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் காலில் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டம் விதிக்கப்பட்ட வழக்கறிஞர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாபோர்த், அதாவது கதவு. தாழ்த்தப்பட்டோரும் கிறித்தவருமாகப் பலர் அந்தக் கதவு வழியாக வெளியேறிப் பிரெஞ்சுப் பெயர்களை அணிந்தனர். சாதியிலிருந்து தப்ப அவர்களுக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. பிரித்தானியத் தமிழகத்திலோ 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொன்னது. இங்கே குடும்பப் பெயர் போன்றதைக் கழற்றி எறிந்தால்தான் தப்ப முடியும் என்ற நிலை. இரண்டும் சரிதான் என்றே நமக்குப் படுகிறது. மிஞ்சியது தலைப்பெழுத்து. பக்கத்து வீட்டுக்காரரின் வரைபடத்தைப் பார்த்து ஏங்கும்போது, நாம் கொடுத்த விலை எதற்கு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தலைப்பெழுத்து மெலிந்த கயிறு. உ.வே.சாமிநாதையர் என்பதில் உத்தமதானபுரம் என்ற ஊரும் வேங்கடசுப்பையர் என்ற தந்தையும் இருக்கிறார்கள். அந்தத் தந்தை அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் பாடிப் பிழைத்ததும், குடும்பம் அரியலூரில் குடியிருந்ததும் ஐயரே எழுதியவை. அவருடைய பெயரிலும் ஒரு 'ஆன' ஒளிந்திருக்கிறது. வைத்த பெயர் வேங்கடராமன், வீட்டில் சாமா, அதைச் சாமிநாதன் என்று நிலைநிறுத்தியவர் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தன்வரலாறு எழுதினார், நமக்குத் தெரிகிறது. எழுதாதவர்களின் வேங்கடராமன்கள் எங்கே?

நண்பருக்குத் திரும்புவோம். அவர் கத்தோலிக்கரல்லர், பங்குப் பதிவேடு உதவாது. குலதெய்வம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் அந்தக் கோயிலுக்கு எங்கெங்கோ சிதறிப் போன குடும்பங்கள் வந்து சேருகின்றன. ஊர் மறந்தவர்களும் குலதெய்வத்தை மறப்பதில்லை. அங்கே விசாரித்தால் பங்காளிகள் கிடைப்பார்கள் என்று எழுதினோம். கிடைத்தார்கள். பாட்டனாருக்கு மேலே அவர்களுக்கும் தெரியவில்லை.

நண்பரின் தந்தை பெயரை இங்கே வெளியிடுவது முறையன்று. கலியபெருமாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். கனடாவுக்குப் போகும்போது கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று நண்பர் தந்தை பெயரை எழுதிவிட்டார். கியூபெக் சட்டப்படி, 1981 முதல், மணமான பெண் தன் பிறவிப் பெயரையே வைத்துக்கொள்கிறாள்; எனவே அவர் மனைவிக்குக் குடும்பப் பெயர் அவளுடைய தந்தை பெயர். மகளுக்கு மட்டும் நண்பரின் குடும்பப் பெயர், அதாவது அவளுடைய பாட்டன் பெயர். எண்ணிச் செய்யாமலேயே அவள் பெயர்த்தி ஆகிவிட்டாள். அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது வெறும் ஓசையாகத்தான் இருக்கும், போலியு போல.

மடல்களுக்கு இடையே நண்பர் ஒரு செய்தியைத் தற்செயலாகக் குறிப்பிட்டிருந்தார்: பத்திரங்களில் தந்தையார், 'கலியபெருமாள் என்கிற சின்னய்யன்'. நமக்கு உடனே அடுக்களை நினைவு வந்தது. வீட்டில் மூத்தவராக இருக்கும் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, ஏன் சின்னய்யன் என்று மட்டும் கேளுங்கள் என்று எழுதினோம். அவர் கேட்டதை அப்படியே எழுதி அனுப்பினார்.

"உங்க அப்பாவ அந்தப் பேரச் சொல்லி எங்க மாமியார் எப்படித் தம்பி கூப்பிடுவாங்க? அது அவங்க மாமனார் பேராச்சே."

"அவர் பேர் என்ன, பெரியம்மா?"

பெரியம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். அவரும் அந்த வீட்டு மருமகள். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "கல்லங்குறிச்சியில நிக்கிறாரே பெருமாள், அவரு பேருதான்" என்றாராம்.

பூட்டன் பெயர் அப்படிக் கிடைத்தது. நண்பர் தம் மகளின் குடும்பப் பெயரை நாள்தோறும் பள்ளிப் படிவங்களில் எழுதிக்கொண்டே அதைத் தேடியிருக்கிறார். கூடவே, மாமியாரின் தாயார் பெயரையும் பிறந்த ஊரையும் அவர் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார். அதைச் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. ஊர், பெயர், எத்தனை பிள்ளைகள், எந்தப் பஞ்சத்தில் யார் போனார்கள் என்று அரைமணி நேரம் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளில் ஒருவரும் அவரை அதைக் கேட்டதில்லையாம்.